எங்கள் லயத்துத் தபால்காரர் ஓய்வு பெறுகிறார்: பணமுடிப்புக்கு நானும் காசு போட வேண்டுமா?

மேட்டுலயம் | 12 அக்டோபர் 2024, இரவு 9.40

ஒரு யோசனை கேட்கத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது கேரளத்துப் பீர்மேடு தாலுகாவில், வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில். இப்போது இருப்பது திருப்பூரில். எங்கள் தோட்டத்திலிருந்து பிரிந்து போனவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. போன வாரம் அதில் ஒரு செய்தி வந்தது. எங்கள் தபால்காரருக்கு 65 வயது முடிகிறதாம், இந்த மாதத்தோடு ஓய்வாம். ஆளுக்கு ஆயிரம் ரூபாய் போட்டு ஒரு பணமுடிப்பு கொடுக்கலாம் என்கிறார்கள்.

பெயர் வேண்டாம். லயத்துப் பிள்ளைகளுக்கு அவர் 'கடுவா மாமா'. மலையாளத்தில் கடுவா என்றால் புலி. ஆள் வருவதற்கு முன்னால் சத்தம் வரும். "ஏய், நாயக் கட்டுங்கடா!" என்று கீழ்லயத்தில் கத்தினால் மேட்டுலயத்தில் நாங்கள் தபால் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வோம். சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு கடிதத்தைக் கொடுக்கக்கூட நாலு திட்டு திட்டித்தான் கொடுப்பார்.

என் சிக்கல் அவர் திட்டியது இல்லை. 1993 ஐப்பசியில் உத்தமபாளையத்துப் பக்கம் எங்கள் தாத்தா, அப்பாவின் அப்பா, இறந்துபோனார். அடைமழை. குமுளி மலைச்சாலையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது, ஆள் அனுப்ப வழியில்லை. சித்தப்பா தந்தி அடித்தார். தந்தி டவுன் ஆபீசுக்கு அன்றைக்கே வந்து, மறுநாள் காலைப் பையில் எங்கள் ஊர் தபாலாபீசுக்கும் வந்துவிட்டது. அதை வாங்கிக்கொண்டு கிளம்பிய கடுவா சாராயத்தில் விழுந்து கிடந்தார். தந்தி எங்கள் வீட்டுக்கு வந்தது மூன்றாம் நாள் சாயங்காலம். என் அப்பா மூத்த மகன். தகவல் தெரிந்திருந்தால் மண் சரிந்த மலையை நடந்தாவது இறங்கியிருப்பார். ஒன்றரை நாள் வைத்திருந்து பார்த்துவிட்டுச் சித்தப்பா கொள்ளி வைத்துவிட்டார்.

அப்பா அதற்கப்புறம் அந்த ஆளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. 2022-ல் அப்பாவும் போய்விட்டார்.

இப்போது குழுவில் எல்லோரும் "எங்கள் கடுவா மாமா, தங்கமான மனுசன்" என்று எழுதிக் குவிக்கிறார்கள். ஆயிரம் ரூபாய் பெரிய காசு இல்லை. ஆனாலும் ஜிபே-யைத் திறந்தால் கை போக மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

கொழுந்துக்கூடை | 13 அக்டோபர், காலை 6.15

தம்பி, நான் இன்னும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறேன். உங்கள் கதை தெரியும், எங்கள் அம்மா சொல்லியிருக்கிறார். அதை நான் இல்லையென்று சொல்ல வரவில்லை.

ஆனால் நீங்கள் பார்த்தது 93-ம் வருசத்து ஆளை. நான் பார்ப்பது இப்போதைய ஆளை. 2000-ஐ ஒட்டித் தேயிலை விலை விழுந்தது, பீர்மேடு பக்கம் தோட்டம் தோட்டமாகப் பூட்டினார்கள். எங்கள் தோட்டமும் பூட்டியது. ஆம்பளைகள் திருப்பூர், கோயம்புத்தூர் என்று போனார்கள். லயத்தில் மிஞ்சியது கிழவிகளும் நாங்களும். வருகிற கடிதம் எல்லாம் மலையாளத்தில். வில்லேஜ் ஆபீஸ், பஞ்சாயத்து, லேபர் ஆபீஸ், எதுவாக இருந்தாலும். எங்களுக்குப் படிக்கத் தெரிந்தது தமிழ், அதுவும் பாதிப் பேருக்கு அதுவும் இல்லை. கொடுத்துவிட்டுப் போவதோடு தபால்காரர் வேலை முடிந்தது. இவர் திண்ணையில் உட்கார்ந்து கவரைக் கிழித்துப் படித்துத் தமிழில் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார். "இது ஒண்ணுமில்ல, அடுப்புல போடு." "இதுக்கு வர்ற புதன்கிழமைக்குள்ள போகணும், போகலேன்னா நாசமாப் போவ." இப்படித்தான். ஆனால் புதன்கிழமை காலையில் போனோமா என்று வந்து பார்த்துவிட்டுப் போவார்.

பிஎஃப் பென்சன்காரர்களுக்கு வருசத்துக்கு ஒரு தடவை உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். ரேகை வைக்கிற மெஷினை எடுத்துக்கொண்டு அவரே லயத்துக்கு வருவார். முப்பது வருசம் கொழுந்து கிள்ளிய கையில் ரேகை எங்கே இருக்கும்? மெஷின் எடுக்காது. முதல் நாளே சத்தம் போட்டுவிட்டுப் போவார், "ராத்திரி எண்ணெய் தடவிட்டுப் படுங்கடி, காலைல சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்து நில்லுங்க" என்று. பத்து விரலையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பார். இப்போது முகத்தைப் படம் எடுத்தாலே போதும் என்று வந்துவிட்டது. கிழவிகளைக் கண்ணைச் சிமிட்டச் சொல்லி அவர் அதட்டுவது தனிக் கூத்து.

அந்தப் பென்சன் எவ்வளவு தெரியுமா? பாதிப் பேருக்கு மாசம் ஆயிரம் ரூபாய். அந்த ஆயிரத்துக்காகத்தான் இவ்வளவு பாடு.

பழைய சார்ட்டர் | 13 அக்டோபர், பகல் 11.02

ரயில்வே தபால் பிரிவான ஆர்.எம்.எஸ்ஸில் தபால் பிரித்துப் பிரித்தே கண் போனவன். சட்டம் தெரிந்த வரையில் சொல்கிறேன்.

கிராமத்துத் தபால்காரர் என்று நாம் சொல்கிற ஆள் பெரும்பாலும் முழுநேர அரசு ஊழியர் கிடையாது. அந்தக் காலத்தில் 'இ.டி.' என்போம், எக்ஸ்ட்ரா டிபார்ட்மென்டல். இப்போது கிராமிய டாக் சேவக். நாளைக்கு நாலைந்து மணி நேர வேலை என்று கணக்கு, அதற்கு ஓர் அலவன்ஸ். ரெகுலர் ஆட்களுக்குரிய பென்சன் கிடையாது. 65 வயது வரை வைத்திருப்பதும் அதனால்தான். மலையில் அந்த நாலு மணி நேரம் எட்டு மணி நேரம் ஆகும் என்பது எந்தக் கணக்கிலும் வராது.

தந்தியை வைத்துக்கொண்டு குடித்துக் கிடந்தவரை எப்படி விட்டுவைத்தார்கள் என்று கேட்பீர்கள். 1977-ல் ராஜம்மா வழக்கு என்று ஒன்று. இ.டி. ஆட்கள் வகிப்பதும் சிவில் பதவிதான், முறையான விசாரணை இல்லாமல் வெளியே தள்ள முடியாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. வழக்குப் போட்டவர் கேரளத்து இ.டி. அம்மாதான். அதனால் முதலில் 'புட் ஆஃப்' செய்வார்கள், அதாவது வேலையிலிருந்து நிறுத்திவைப்பது. மற்றவர்களுக்கு சஸ்பென்ஷன் என்றால் பாதிச் சம்பளமாவது வரும். இ.டி. ஆளுக்கு அப்போது ஒரு பைசா கிடையாது. அலவன்ஸில் கால்பங்கு கொடுப்பதெல்லாம் பிறகு வந்தது. விசாரணை வருடக்கணக்கில் இழுக்கும். அந்தக் காலத்தில் புட் ஆஃப் ஆனவன் ஒன்று சாவான், இல்லை திருந்துவான் என்று எங்கள் ஆபீசில் சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவில் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு சின்னத் தகவல். அவர் சத்தம் போட்டுக்கொண்டே வருவதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. பீர்மேடு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த இடம். சமஸ்தானத்துக்குத் தனி அஞ்சல் இலாகா இருந்தது, 1951-ல்தான் இந்தியத் தபாலோடு சேர்ந்தது. அதில் அஞ்சலோட்டக்காரர் மணி கட்டிய கோலைக் குலுக்கிக்கொண்டே காட்டுப் பாதையில் ஓடுவார். மணிச் சத்தம் கேட்டு ஆள் வழிவிட வேண்டும், மிருகம் விலக வேண்டும். உங்கள் கடுவாவிடம் கோல் இல்லை, தொண்டை இருந்திருக்கிறது.

எல்லைச்சாவடி | 13 அக்டோபர், மாலை 4.30

எல்லோரும் உருகுகிறீர்கள். நான் கொஞ்சம் கசப்பாகவே சொல்கிறேன்.

கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்குத்தான் சம்பளம். மெஷினைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து உயிர்ச்சான்று எடுத்தால் 70 ரூபாய் கட்டணம் உண்டு, ரசீதும் உண்டு. அது தர்மம் இல்லை, சேவை.

என் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஊர், ஆபீஸ் எதுவும் வேண்டாம். அப்பா வெளியூரில் இருந்து மாதம் 300 ரூபாய் மணியார்டர் அனுப்புவார். தபால்காரர் கைநாட்டு வாங்கிக்கொண்டு 200 கொடுத்துவிட்டு, "மிச்சம் அடுத்த வாரம்" என்பார். அடுத்த வாரம் என்பது ஆறு மாதத்துக்கு வரவே வராது. அப்பாவுக்குத் திரும்பிப் போகிற சீட்டில் முழுப் பணமும் கிடைத்ததாக அம்மாவின் ரேகை இருக்கும். இருவருக்கும் நடுவில் இதனால் வந்த சண்டையை நான் மறக்கவில்லை. அந்த ஆளும் கடைசிக் காலத்தில் கோவிலுக்கு மணி வாங்கிக் கொடுத்துப் பெரிய மனிதர் ஆகிவிட்டார்.

மேட்டுலயம், உங்களுக்கு மனம் வரவில்லையென்றால் போடாதீர்கள். அவ்வளவுதான்.

நகரி நெசவு | 13 அக்டோபர், இரவு 10.18

நாங்கள் ஆந்திரா எல்லை. கதை வேறு, வலி அதே வலி. 1960 ஏப்ரல் 1-ல் எல்லையை மாற்றியபோது திருத்தணி அந்தப் பக்கம் போனது, சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது. நகரி முன்னாலிருந்தே இந்தப் பக்கம்தான். வீட்டில் தமிழ், தறிக் கூடத்தில் தமிழ், கையில் வருகிற கடிதம் தெலுங்கு. என் பாட்டி ரேஷன் ஆபீஸ் கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகிவைப்பார், பள்ளிக்கூடம் விட்டு நான் வந்து எழுத்துக்கூட்டிப் படிக்கும் வரை. ஒன்பதாம் வகுப்புப் பையன் படித்துச் சொல்வதில் எவ்வளவு சரி, எவ்வளவு தப்பு என்று யார் கண்டது? ஒரு தடவை தேதியைத் தப்பாகச் சொல்லிவிட்டேன். கடன் மனு போச்சு.

அதனால் கொழுந்துக்கூடை அக்கா சொல்வது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. எல்லைச்சாவடி சொல்கிற 70 ரூபாயில் அது அடங்காது.

அக்காவுக்கு ஒரு கேள்வி. கேரளத்தில் தமிழ், கன்னடம் பேசுகிறவர்கள் அரசுக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்று 1969 ஆட்சிமொழிச் சட்டத்திலேயே இருக்கிறதே. உங்கள் பக்கம் அப்படி யாரும் எழுதுவதில்லையா?

கொழுந்துக்கூடை | 14 அக்டோபர், காலை 6.05

எழுதுவதுண்டு. எழுத வைத்ததே அவர்தான். "மலையாளத்துல எழுத ஆளத் தேடி அவனுக்கு அம்பது ரூவா அழுவாத, உனக்குத் தெரிஞ்ச தமிழ்லயே எழுது, வாங்க மாட்டேன்னு சொன்னா எங்கிட்ட சொல்லு" என்றார். ஒரு தடவை வாங்க மாட்டேன் என்றார்கள். ஸ்டாம்ப் ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்ப வைத்தார். தபாலில் வந்தால் வாங்கித்தானே ஆக வேண்டும்? பதில் தமிழில் வரவில்லை, மலையாளத்தில்தான் வந்தது. ஆனால் வேலை நடந்தது.

திராட்சைப் பந்தல் | 14 அக்டோபர், பகல் 1.47

மேட்டுலயம் அண்ணே, நான் கம்பம். கடுவா என்றதும் யோசித்தேன். 94, 95 வாக்கில் எங்கள் மாமா தோட்டத்தில் ஒருத்தர் வேலை பார்த்தார். மலையில் தபால் வேலை பார்த்து நின்றுபோனவர் என்பார்கள். அந்த ஆளாகத்தான் இருக்க வேண்டும், குரலை வைத்துச் சொல்கிறேன்.

கூடலூர் பஸ் ஸ்டாண்டில் படுக்கை. விடிகாலையில் கேரளாவுக்கு ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஜீப்புகள் ஆள் ஏற்றுமே, அதில் இவர் ஏற மாட்டார். மேலே போக வெட்கம் என்று மாமா சொல்வார். சாராயக் கடையில் ஒருத்தன் மண்டையை உடைத்து 15 நாள் உள்ளே இருந்துவிட்டு வந்ததும் அப்போதுதான். வீட்டுக்காரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டது.

எனக்கு நன்றாக நினைவிருக்கிற ஒன்று. பந்தலுக்கு மருந்தடிக்கிற இடத்தில் பழைய கடுதாசிகளைக் குப்பையில் கொட்டியிருந்தோம். இவர் அதில் ஓர் உறையை எடுத்து, பின்கோடு தப்பு என்று மாமாவிடம் சண்டைக்கு வந்தார். "இத எவன் எழுதுனது? இது எப்புடிப் போய்ச் சேரும்?" மூன்று வருசம் முந்திய கடிதம் அது. மாமா "அதுதான் வந்து சேந்துருச்சேப்பா" என்றார். "எவனோ சரி பண்ணிருக்கான், அதுனால வந்துச்சு" என்று சொல்லிவிட்டு அந்த உறையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். நாங்கள் பைத்தியம் என்று நினைத்தோம்.

96 ஏப்ரலில் கேரளாவில் சாராயத்தை ஒழித்தார்கள். அதனால் திருந்தினாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சாராயம் நின்றதால் குடி நின்றவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை.

மலைச்சரிவு | 14 அக்டோபர், மாலை 6.20

56-லேயே தேவிகுளம் பீர்மேட்டைத் தமிழ்நாட்டோடு சேர்த்திருந்தால் இந்தக் கடிதப் பஞ்சாயத்தே வந்திருக்காது. தலைவர்கள் கோட்டை விட்டார்கள். இதைப் பற்றி

நெறியாளர் | 14 அக்டோபர், மாலை 6.55

மேலே உள்ள பதிவின் மிச்சமும் அதற்கு வந்த 23 பதில்களும் 'எல்லைப் பிரிவினை' இழைக்கு மாற்றப்பட்டன. இங்கே தபால்காரரைப் பற்றி மட்டும்.

பழைய சார்ட்டர் | 14 அக்டோபர், இரவு 8.11

நெறியாளருக்கு நன்றி. 23 உருப்படியையும் சரியான பையில் போட்டிருக்கிறீர்கள்.

மேட்டுலயம் | 15 அக்டோபர், இரவு 11.30

எல்லோருக்கும் பதில் எழுத உட்கார்ந்து மூன்று நாளாக அழித்து அழித்து எழுதுகிறேன். முதல் பதிவில் நான் ஒன்றை எழுதாமல் விட்டேன். மறைக்க நினைத்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டம் பூட்டிய பிறகு மூன்று வருசம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு 2003-ல் நாங்கள் கம்பத்துக்கு இறங்கினோம். அப்பாவுக்கு 27 வருச சர்வீஸ். கிராஜுவிட்டி வரவில்லை. சட்டப்படி வருசத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம், ஆனால் பூட்டிய கம்பெனியிடம் யார் போய் வாங்குவது? யூனியன்காரர்கள் கேஸ் போட்டிருந்தார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக நோட்டீஸ், பழைய லயத்து முகவரிக்கு. ஆள் இல்லையென்றால் 'லெஃப்ட்' என்று எழுதித் திருப்பி அனுப்புவதுதான் வழக்கம். அனுப்பியிருந்தால் அதோடு எங்கள் பணம் போயிருக்கும்.

2009-ல் அந்தப் பதிவுத் தபால் கம்பத்தில் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தது. லயத்து முகவரியை நீல மையால் அடித்து, பக்கத்தில் எங்கள் தெரு, மாரியம்மன் கோவிலுக்குப் பின்னால் என்கிற அடையாளம், 625516, எல்லாம் தமிழில் எழுதியிருந்தது. அப்பா அந்தக் கையெழுத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பத்துத் தபால்காரர், "அண்ணே, கையெழுத்துப் போடுங்க, வெயில்ல நிக்கிறேன்" என்று சொன்ன பிறகுதான் பேனாவை வாங்கினார்.

அந்தப் பணத்தில்தான் தங்கச்சி கல்யாணம் நடந்தது. உறையை அப்பா தூக்கிப் போடவில்லை. தகரப் பெட்டியில் ரேஷன் கார்டோடு வைத்திருந்தார். அதைப் பற்றி எங்களிடம் ஒன்றும் சொல்லவும் இல்லை, மலைக்குப் போய் அந்த ஆளைப் பார்க்கவும் இல்லை.

கம்பத்து முகவரி அவருக்கு எப்படித் தெரியும் என்று இன்றைக்கு வரை எனக்குப் புரியவில்லை. நாங்கள் யாரும் சொல்லவில்லை.

கொழுந்துக்கூடை | 16 அக்டோபர், காலை 6.10

எப்படி என்று எனக்குத் தெரியும். அவரிடம் மூன்று நோட்டு இருக்கிறது, இருநூறு பக்க நோட்டு. எந்த லயம், எத்தனையாம் வீடு, யார், எந்த வருசம் போனார்கள், இப்போது எங்கே என்று எல்லாம் அதில். தோட்டம் பூட்டியதிலிருந்து எழுதுகிறார். யாராவது திருவிழாவுக்கு ஊருக்கு வந்தால் விட மாட்டார். "உன் பக்கத்து வீட்டுக்காரன் எங்க இருக்கான்? தெருப் பேரு? பின்கோடு தெரியாதா? பின்ன என்ன மயிருக்கு திருப்பூர்ல இருக்க?" என்று வாங்கிவிடுவார். உங்கள் முகவரியை யார் கொடுத்தது என்று கேட்டால், உங்கள் சித்தியாகத்தான் இருக்கும். மாரியம்மன் திருவிழாவுக்கு வந்திருந்தார்.

பழைய சார்ட்டர் | 16 அக்டோபர், காலை 10.30

விதிப்படி முகவரி மாற்றத்தை முகவரிக்காரர் எழுதிக் கொடுக்க வேண்டும். இவர் தானே எழுதியிருக்கிறார். ஐ.பி., அதாவது தபால் இன்ஸ்பெக்டர், யாராவது பார்த்திருந்தால் ஒரு மெமோ கிடைத்திருக்கும். முப்பது வருடம் தபால் பிரித்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், திரும்பிப் போகிற ஒவ்வொரு உறையும் எங்களுக்கு ஒரு வேலை குறைந்தது என்றுதான் அர்த்தம். அதைத் திரும்பவும் வேலையாக்கிக்கொள்கிறவர்கள் ரொம்பக் குறைவு.

புதிதாக வருபவர் யார்? இப்போதெல்லாம் பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்து ஆன்லைனில் எடுக்கிறார்கள். எந்த மாவட்டத்திலிருந்தும் வரலாம்.

கொழுந்துக்கூடை | 16 அக்டோபர், இரவு 7.45

கொல்லம் பக்கத்துப் பெண். நல்ல பிள்ளை. ஆனால் தமிழ் படிக்கத் தெரியாது. நோட்டு முழுக்கத் தமிழ். அதனால் என் மகள் அதை மலையாளத்தில் மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் திட்டுகிறார். மகள் அழுதுகொண்டு வந்தாள் ஒரு நாள். மறுநாள் அவளே நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நகரி நெசவு | 16 அக்டோபர், இரவு 9.00

அப்படியே ஸ்கேன் செய்து ஒரு தளத்தில் ஏற்றிவிடலாமே? 2022-ல் எங்கள் பக்கம் மாவட்டத்தைப் பிரித்தார்கள், சத்தியவேடு திருப்பதி மாவட்டத்துக்குப் போனது, நகரி சித்தூரிலேயே நின்றது. முகவரி எழுதுவதில் ஒரு வருசம் குழப்பம். இப்படி ஒரு நோட்டு எங்களிடம் இருந்திருந்தால் எவ்வளவோ உதவியிருக்கும்.

எல்லைச்சாவடி | 16 அக்டோபர், இரவு 9.26

தயவுசெய்து ஏற்றாதீர்கள். கடன்காரனுக்குப் பயந்து ஊரை விட்டுப் போனவர்கள் இருப்பார்கள். அடிக்கிற புருசனை விட்டு ஓடிவந்த பெண்கள் இருப்பார்கள். யார் எங்கே இருக்கிறார்கள் என்பது ஒரு ஆள் கையில் இருக்கும்வரைதான் நல்லது. அந்த ஆள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார் போலிருக்கிறது. அதற்கு வேண்டுமானால் நான் ஆயிரம் போடுவேன்.

நகரி நெசவு | 16 அக்டோபர், இரவு 9.40

சரிதான். யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

திராட்சைப் பந்தல் | 17 அக்டோபர், பகல் 12.15

அண்ணே, போய் நேரில் பார்த்துவிட்டு வாங்க. தீபாவளிக்குக் கம்பம் வருவீங்கல்ல? அங்கேயிருந்து வண்டிப்பெரியார் என்ன தூரம்?

மேட்டுலயம் | 3 நவம்பர் 2024, மாலை 5.10

போய் வந்தேன். நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

மாதத்தின் கடைசி நாளான 31-ந் தேதி தீபாவளியாக இருந்ததால் 30-ந் தேதி புதன்கிழமையே அவருடைய கடைசி நடை. நான் காசு போடாமலேயேதான் போனேன். குமுளி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்து வாசலில் இறங்கினால், முன்பு மஸ்டர், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது, நடந்த இடத்தில் தார்ப்பாய் கட்டி நாற்பது, ஐம்பது பேர். லட்டு, மிக்சர், டீ. கொழுந்துக்கூடை அக்காவை முதல் தடவை பார்த்தேன். அக்கா எழுதுவதைவிட மெதுவாகப் பேசுகிறார்.

நாலரை மணிக்குச் சத்தம் கேட்டது. "ஏய், நாயக் கட்டுங்கடா!" லயத்தில் இப்போது நாய்கள் அதிகம் இல்லை. கூட்டம் சிரித்தது, அவர் சிரிக்கவில்லை. நரைத்துச் சுருங்கிப்போயிருந்தார். பின்னால் கொல்லத்துப் பெண் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். கடைசி நடைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு எல்லா லயத்தையும் காட்டியிருக்கிறார்.

சால்வை போட்டார்கள். யாரோ பேசத் தொடங்கினார். "சீக்கிரம் முடி, கணக்கு முடிக்கணும்" என்றார். பணமுடிப்பைக் கையில் கொடுத்தார்கள், பணம் போட்டவர்கள் பெயர் எழுதிய தாளோடு. வேறு யாராக இருந்தாலும் கும்பிட்டு மடியில் வைத்துக்கொள்வார்கள். இவர் பிரித்து, எச்சில் தொட்டு, நின்றபடியே எண்ணினார். ஒரு தடவை. இரண்டாம் தடவை. பிறகு தாளைப் பார்த்தார்.

"லிஸ்ட்ல முப்பத்தேழு பேரு. பணம் முப்பத்தாறு பேருக்குத்தான் இருக்கு."

ஏற்பாடு செய்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குழுவில் நான் எப்படியும் போட்டுவிடுவேன் என்று நினைத்து என் பெயரையும் எழுதியிருக்கிறார்கள். நான் கையைத் தூக்கினேன்.

"நான்தான் மாமா. இன்னும் போடல."

"யாருடா நீ?"

அப்பா பெயரைச் சொன்னேன். மேட்டுலயம், ஆறாம் வீடு.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, தாளில் என் பெயரை ஒரே கோடாக அடித்தார். கொல்லத்துப் பெண்ணிடம் கையை நீட்டினார். அவள் பையிலிருந்து இரண்டாவது நோட்டை எடுத்துக் கொடுத்தாள். பக்கத்தைத் தேடவில்லை. நேராகத் திறந்தார்.

"கம்பம், மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால. அங்கதான இருக்கான்?"

"அப்பா இறந்துட்டாரு மாமா. ரெண்டு வருசம் ஆச்சு."

சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவருக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"ரெண்டு வருசமா? எனக்கு ஏண்டா ஒருத்தனும் சொல்லல? இங்க ஒரு லெட்டர் வந்தா நான் எங்க அனுப்புவேன்?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. தார்ப்பாயில் மழை விழுகிற சத்தம் மட்டும். கொஞ்ச நேரம் கழித்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார். அந்தத் தொண்டையில் அப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது.

"கொள்ளி நீதான வச்ச?"

"ஆமா மாமா. நான்தான்."

"கூட இருந்தியா?"

"ஆஸ்பத்திரில கூடவே இருந்தேன்."

தலையை ஆட்டிக்கொண்டார். இரண்டு மூன்று தடவை. பிறகு நோட்டைத் தொடைமேல் வைத்து, அப்பா பெயரின்மேல் கோடு போட்டு, இறந்த தேதி கேட்டு எழுதினார். கீழே என் பெயரை எழுதி ஒரு புள்ளி வைத்தார்.

"இப்ப எங்க இருக்க?"

"திருப்பூர்ல."

"திருப்பூர்னா? தெருப் பேரு இல்லையா, பின்கோடு இல்லையா? ஊருக்கே சேத்து ஒரு வீடாடா கட்டிருக்க?"

சொன்னேன். எழுதிவிட்டு, நோட்டைக் கொல்லத்துப் பெண்ணிடம் கொடுத்து, மலையாளத்தில் படிக்கச் சொன்னார். அவளுக்குத் தமிழ் எழுத்து வரவில்லை. கொழுந்துக்கூடை அக்காவின் மகள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, அவள் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். தெருப் பெயரில் ஓர் எழுத்து தப்பு. அதற்கும் திட்டு விழுந்தது.